கம்பவுண்டரின் தராசு

சென்ற தை மாதம் சிதம்பரத்தில் எனக்கு அண்ணா முறையாகும் ஒருவரின் மணிவிழாவுக்குப் போயிருந்தேன். விருந்து முடிந்து, வந்தவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு, திண்ணையில் சற்றுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அண்ணாவின் மகள் வந்து தூணருகில் நின்றாள். அவள் நர்ஸ். எட்டு ஆண்டுகளாக ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் மாறி மாறி உழைத்தவள்.

"சித்தப்பா, வேலையை விட்டுட்டு ஒரு தொழில் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றாள்.

தொழில் என்ன என்று கேட்டேன். சத்துமாவு. கேழ்வரகும் கம்பும் பச்சைப்பயறும் வறுத்து அரைத்த மாவு. ஊரில் பத்துப் பேர் விற்கிற சரக்குத்தானே என்றேன். அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வயதானவர்களுக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்களாம். வீட்டில் அரைக்கிலோ டப்பா வாங்குகிறார்களாம். கை நடுங்கும் கிழவி எத்தனை கரண்டி போடுவாள்? ஒரு நாள் களியாகிவிடும், மறுநாள் வெறும் தண்ணீராகிவிடும். பாதி டப்பாவில் வண்டு விழுந்துவிடும். ஆகவே ஒரு டம்ளர் கஞ்சிக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். உள்ளேயிருந்து அண்ணாவின் குரல் வந்தது.

"நோயாளி நெத்தியில வெச்சுப் பார்த்த கை அது. அந்தக் கையால தராசு பிடிக்கப் போறாளாம்!"

அவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்த்தையில் ஏளனம் இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது. நம்மில் பலருக்கும் உள்ள வருத்தந்தான் அது. வைத்தியம் என்பது தருமம், வியாபாரம் என்பது லாபம், இரண்டையும் ஒரே கையில் பிடிக்கலாமா என்பது நம் மனத்தில் வேரோடிய கேள்வி. அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் கடலூருக்குப் போகும் ரயிலில், பரங்கிப்பேட்டையும் புதுச்சத்திரமும் ஆலப்பாக்கமும் கடந்து போகும்போது, பதில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நோயாளியைத் தொட்ட கை தராசைப் பிடிப்பது புதிதல்ல. மருந்துக்கடையின் பழைய அடையாளமே தராசுதான். என் சிறு வயதில் சிதம்பரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். நீர்மருந்து வாங்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே காலிப் பாட்டில் கொண்டு போகவேண்டும். அவர் அதைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சிவப்பு மருந்தை ஊற்றுவார். பிறகு ஒரு காகிதத் துண்டை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரை ஒரு வேளை. எழுத்தறியாத கிழவிக்குக்கூட விரலை வைத்து, "ஆத்தா, இதுவரைக்கும் காலையில, இதுவரைக்கும் ராத்திரி" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். பொடி மருந்தானால் சின்னத் தராசில் நிறுத்து, சதுரக் காகிதங்களில் கொட்டி, வரிசையாக மடித்து வைப்பார். ஆறு பொட்டலம், இரண்டு நாள்.

'வேளை' என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. மருந்தை நாம் சேர் கணக்கிலோ கிலோ கணக்கிலோ நினைப்பதில்லை, வேளைக் கணக்கில்தான் நினைக்கிறோம். எவ்வளவு இருக்கிறது என்பது கடைக்காரனின் கணக்கு. ஒரு தடவைக்கு எவ்வளவு வேண்டும் என்பது வைத்தியனின் கணக்கு. இந்த இரண்டாவது கணக்கு மருந்து மேசையிலிருந்து இறங்கிக் கடைத்தெருவுக்கு வந்ததுதான் நான் சொல்லப்போகும் கதை. அது பெரிய அளவில் நிகழ்ந்த ஊர்களுள் ஒன்று கடலூர்.

கடலூர் ஒரு விநோதமான அளவையைக் கண்ட ஊர். 1690-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராயிருந்த எலிஹு யேல் காலத்தில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை என்று ஒப்பந்தம்! நாற்புறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பெயர் வந்தது. அந்தக் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இடித்துத் தள்ளினான். கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இன்று சில சுவர்களைத்தான் பார்க்கலாம். பீரங்கிக் குண்டால் நிலம் அளந்த அந்த ஊரில், ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுக்குப் பின் ஒரு மனிதர் ஐந்து கிராம் பொட்டலத்தால் சந்தையை அளந்தார். அவர் பெயர் சின்னிகிருஷ்ணன்.

சின்னிகிருஷ்ணன் விவசாயக் குடும்பத்தவர். கணக்கு ஆசிரியராக இருந்தவர். பிறகு மருந்துத் தொழிலில் இறங்கினார், அதன்பின் அழகுப் பொருள்களும் செய்தார். மருந்துத் தொழிலில் அவர் கண்ட பாடம் எளியது. பேதி உப்பு நூறு கிராம் பொட்டலமாக விற்றது. ஒரு தடவைக்கு நூறு கிராம் யாருக்கு வேண்டும்? ஐந்து கிராம், பத்து கிராம், இருபது கிராம் என்று கட்டினார். முகப்பவுடர் தகர டப்பாவில்தான் கிடைத்தது. அதை ஐம்பது கிராமாகவும் இருபது கிராமாகவும் கொடுத்தார். பணக்காரர் அனுபவிக்கும் பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கவேண்டும் என்பது அவர் ஆசை என்று அவர் மகன் ரங்கநாதன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீர்ப் பொருள்களையும் சிறு பிளாஸ்டிக் பையில் அடைத்து ஒட்ட வழி கண்டார். நாம் 'சாஷே' என்று சொல்லும் அந்தப் பையை நாடறியச் செய்தவர்களில் அவருக்கு முதன்மையான இடம் உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஷாம்பூவை ஒரு தடவைக்கு என்று பையில் அடைப்பது என்ன? கம்பவுண்டர் மடித்த ஒரு வேளைப் பொட்டலந்தானே! நாள் கூலி வாங்குகிறவனுக்கு மாதச் சாமான் வாங்கும் வழக்கம் இல்லை. அவன் கையில் இருப்பது இன்றைய காசு. பாட்டில் ஷாம்பூ அவனுக்கு அரண்மனைப் பொருள். சனிக்கிழமை தலைமுழுக்குக்கு ஒரே ஒரு பை என்றால் அது அவனுடைய பொருளாகிவிடுகிறது. இந்த உண்மையை 2004-இல், கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய சி. கே. பிரகலாத் ஒரு புத்தகமாகவே எழுதி உலகத்துக்குச் சொன்னார். கடலூர் மருந்துக்காரர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தராசில் கண்டுவிட்டார்.

ஷாம்பூ என்ற சொல்லுக்கே ஒரு வைத்தியச் சரித்திரம் உண்டு. உடம்பை அமுக்கிப் பிடிப்பதைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பாட்னாவில் 1759-இல் பிறந்த தீன் முகமது, கம்பெனிப் பட்டாளத்தோடு அலைந்து, பிறகு கடல் கடந்தார். 1810-இல் லண்டனில் ஒரு இந்திய உணவு விடுதி வைத்தார். இரண்டு ஆண்டில் திவாலானார். மனிதர் சோர்ந்துவிடவில்லை. 1814-இல் பிரைட்டன் கடற்கரைக்குப் போய், மூலிகை ஆவியில் குளிப்பாட்டி உடம்பு பிடித்துவிடும் நிலையம் தொடங்கினார். வாதக்காரர்களும் முடக்குவாதக்காரர்களும் வந்து குவிந்தார்கள். அரசர் நான்காம் ஜார்ஜுக்கும் அவருக்குப் பின் வந்த நான்காம் வில்லியமுக்கும் 'ஷாம்பூ வைத்தியர்' என்ற பட்டத்தோடு விளங்கினார். சோறு விற்றுத் தோற்றவர் சுகம் விற்று வென்றார். முதல் தொழிலில் அவர் தம் நாட்டு ருசியை அயலார்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டாவதில் வந்தவனுடைய வலி எங்கே என்று கேட்டார். இந்த வித்தியாசம் சிறிதல்ல.

ஆயினும் வைத்தியக் கை ஒன்று மட்டும் இருந்தால் தொழில் நடந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து மருந்துக்காரர் ஜான் பெம்பர்ட்டன் 1886-இல் ஒரு பானம் கலந்தார். அதுதான் கோக்கோ கோலா. அதை விற்றுப் பொருள் சேர்க்க அவரால் முடியவில்லை. உரிமைகளைக் கைமாற்றிவிட்டு 1888-இல் இறந்துபோனார். அதே ஊரில் மருந்து வியாபாரம் செய்த ஆசா கேண்ட்லர் உரிமையை வாங்கிப் பெரும் செல்வரானார். இருவரும் மருந்து அறிந்தவர்கள்தாம். ஒருவருக்குக் கலக்கத் தெரிந்தது, மற்றவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் தெரிந்தது.

நம் பக்கத்திலும் அப்படிச் சேர்க்கத் தெரிந்தவர் உண்டு. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு இளமையில் மருந்து வாணிகத்தில் பழகியவர். 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். தலைவலித் தைலம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தாராம். நெற்றியில் பட்டால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று அறிந்தவர். அந்த வருமானத்தில் 'ஆந்திர பத்திரிகா'வை நடத்தி, 1914-இல் அதைச் சென்னையில் நாளேடாக்கினார்.

கடலூருக்குத் திரும்புவோம். சின்னிகிருஷ்ணன் புதியது காண்பதில் வல்லவர், விற்பனையில் அவ்வளவு வல்லவரல்லர் என்று மகனே சொல்லியிருக்கிறார். பெம்பர்ட்டனைப் போலத்தான் அவரும் தம் பொட்டலம் நாடெங்கும் பரவியதைக் காணாமலே மறைந்தார். அந்தக் குடும்பத்தில் நன்றாகப் படித்த பிள்ளைகள் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் போனார்கள். தந்தைக்குப் பின் சகோதரர்கள் தொழிலை ஏற்று, 'வெல்வெட்' ஷாம்பூவைப் பையில் அடைத்து விற்றார்கள். அது பெரும் வெற்றி. படிப்பில் பின்தங்கிய பிள்ளை என்று, விவசாயம் பார் அல்லது வியாபாரம் பார் என்று விடப்பட்டவர் ரங்கநாதன். பள்ளியில் புறாவும் மீனும் வளர்த்தவர். அவரும் குடும்பத் தொழிலில் சேர்ந்தார். சேர்ந்த சில காலத்திலேயே கருத்து வேற்றுமை. பங்கு கேட்காமல் வெளியேறினார். கையில் 15,000 ரூபாய்.

நாவலாசிரியனாகிய எனக்கு இந்த இடம் பிடித்தமானது. பெரிய வீட்டிலிருந்து வெளியேறியவர் 250 ரூபாய் வாடகையில் ஒரு சிறு வீடு பிடிக்கிறார். அதுவே இருப்பிடம், அதுவே ஆபீஸ். தொழிற்சாலைக்கு 300 ரூபாய் வாடகையில் வேறோர் இடம். பை ஒட்டும் இயந்திரம் ஒன்று 3,000 ரூபாய். 1983-இல் ஷாம்பூ வெளிவருகிறது. பெயர் 'சிக்'. சின்னிகிருஷ்ணன் என்ற பெயரின் சுருக்கம்! வீட்டைத் துறந்த மகன் தந்தையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். முதல் மாதம் விற்றது 20,000 பை.

வெல்வெட் கொடிகட்டிப் பறந்த நாள் அது. அதை எப்படி எதிர்ப்பது? எந்தக் கம்பெனியின் காலிப் பையானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பை இலவசம் என்று அறிவித்தார். மக்கள் பழகியதும், சிக் காலிப்பைகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார். மாதம் 35,000 ரூபாய் விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியதாக அவரே கூறியிருக்கிறார். மல்லிகையும் ரோஜாவும் மணக்கும் ஷாம்பூ வந்தது. நம் பெண்களின் தலையில் எந்த மணம் இருக்கவேண்டும் என்பதை அறிந்த யோசனை அது. நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். கிராமங்களுக்கு ஆட்கள் போய், பள்ளிச் சிறுவன் ஒருவனை உட்கார வைத்து, ஊரார் பார்க்கத் தலை தேய்த்துக் குளிப்பாட்டி, "தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்" என்று காட்டினார்கள். நர்ஸ் தாய்க்குக் குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1989-இல் ஆபீஸ் சென்னைக்குப் போயிற்று. கம்பெனி 1998-இல் 'கவின்கேர்' என்று பெயர் பெற்றது. கவின் என்றால் அழகு என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே.

இந்தக் கதையில் என் மனத்தில் நின்ற சம்பவம் ஷாம்பூவைப் பற்றியதல்ல. பாங்கிக் கடனைப் பற்றியது. மூன்று ஆண்டுகள் எந்தப் பாங்கும் கடன் தரவில்லை. ஈடு காட்ட வீடில்லை, நிலமில்லை. கடைசியில் ஒரு பாங்கு 25,000 ரூபாய் கொடுத்தது. ஈடு இல்லாவிட்டாலும் இந்தச் சிறு கம்பெனி ஒழுங்காக வருமான வரி கட்டுகிறது என்று அந்த மானேஜர் விண்ணப்பத்தில் குறிப்பெழுதினாராம். கணக்கு வாத்தியாரின் மகனுக்குக் கணக்கே ஈடாக நின்றது!

இங்கேதான் எங்கள் சிதம்பரத்துக் கம்பவுண்டரின் பிற்காலத்தைச் சொல்லவேண்டும். அவர் கிளினிக் வேலையிலிருந்து விலகி, ஒரு சந்தில் சிறு கடை வைத்தார். கஷாயப் பொடி, ஓமத் தண்ணீர், சேற்றுப்புண் களிம்பு. சரக்கில் குறை சொல்ல முடியாது. சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டே ஆண்டில் கடை மூடிவிட்டது. பின்னால் அவருடைய நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்தேன். 'தச்சர் வீட்டுக் கிழவி, இருமல், மூன்று வேளை', 'பூக்காரம்மா, கால் புண், ஒரு டப்பி' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். யாருக்கு என்ன நோய், எத்தனை வேளை என்பதெல்லாம் துல்லியமாக இருந்தது. வலது ஓரத்தில் தொகை எழுதவேண்டிய இடம் மட்டும் காலி. "நோவோட வந்தவங்ககிட்ட எப்படிப்பா காசு கேக்கறது?" என்றார். நல்ல மனிதர். அந்த நல்லதனத்தால் நஷ்டம் அவருக்கு மட்டும் வரவில்லை. கடை மூடிய பின் தச்சர் வீட்டுக் கிழவிக்கு மருந்து கொடுக்க அந்தச் சந்தில் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி கற்றுக்கொடுக்கும் கலைகள் அநேகம். அளவு, சுத்தம், சீட்டில் எழுதி ஒட்டும் பழக்கம், எரிச்சலோடு பேசுபவனின் உள்ளே பயம் இருக்கிறது என்று அறியும் பொறுமை. இவை எல்லாம் கடைக்கும் முதல்தான். ஆனால் விலை சொல்லும் கலையை வார்டில் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சம்பளம் வாங்கும் நர்ஸ் நோயாளியிடம் காசு கேட்டதே இல்லை. தொழிலில் இறங்குகிறவர் கூச்சப்படாமல் அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளவேண்டும். நியாயமான விலையை வாய்விட்டுச் சொல்வது பாவமல்ல. நாளைக்கும் கடை திறந்திருக்க அதுவே வழி.

இனி அண்ணாவின் வருத்தத்துக்கு வருகிறேன். அதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்கக்கூடாது.

ஹென்றி நெஸ்லே என்பவர் மருந்துக்கடையில் தொழில் பயின்றவர். சுவிட்சர்லாந்தில் வெவே என்ற ஊரில், 1867-இல், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கென்று பாலும் கோதுமையும் சேர்த்து ஒரு மாவு செய்தார். குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்த காலம் அது. நோக்கம் நல்லதுதான். நூறு ஆண்டுகளுக்குப் பின், அவர் பெயர் தாங்கிய கம்பெனியும் மற்ற பால்மாவுக் கம்பெனிகளும் ஏழை நாடுகளில் நடந்துகொண்ட முறையைக் கண்டித்து, 1977-இல் அமெரிக்காவில் பகிஷ்கார இயக்கம் கிளம்பியது. காரணம் என்ன? விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் உடை உடுத்திப் பிரசவ வார்டுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! வெள்ளை உடையைக் கண்ட தாய் நம்பினாள். புட்டிப்பாலுக்கு மாறினாள். மாவு வாங்கக் காசில்லாதபோது தண்ணீர் விட்டுக் கரைத்தாள். சுத்தமான தண்ணீரும் இல்லை. குழந்தைகள் நோயில் விழுந்தன. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு விதிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992-இல் சட்டமே வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவை இங்கே விளம்பரம் செய்யக்கூடாது.

நர்ஸின் கை தராசைப் பிடிக்கலாம். நர்ஸின் உடையைத் தராசில் வைக்கக்கூடாது. எட்டு ஆண்டில் அவள் சேர்த்த அறிவு அவளுடையது, அதை விற்கலாம். வெள்ளை உடையின்மேல் ஜனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை அவளுடையதல்ல. அது அவளுக்கு முன்னே உழைத்த ஆயிரமாயிரம் பேர் சேர்த்து வைத்த பொதுச்சொத்து. அண்ணா பயந்தது இதற்காக என்றால் அவர் பயந்தது சரியே.

சின்னப் பையிலும் ஒரு பின்விளைவு உண்டு. ஏழைக்கு ஷாம்பூ கொடுத்த பை, குளத்தங்கரையிலும் சாக்கடையிலும் மக்காமல் கிடக்கிறது. மருந்து கொடுத்த வைத்தியன் அதனால் வரும் உபாதைக்கும் பொறுப்பு ஏற்கிறான். பை செய்தவர்களும், வாங்கி எறிந்த நாமும், அந்தப் பொறுப்பை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சிதம்பரம் திரும்பினேன். அண்ணாவோடு மாலையில் அண்ணாமலை நகர்ப் பக்கம் நடக்கப் போனேன். அவர் படித்த பல்கலைக்கழகம் அது. "இதைக் கட்டினவர் யாரண்ணா?" என்று கேட்டேன்.

"ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றார்.

"என்ன தொழில்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வட்டிக்கடையும் பாங்கும் நடத்திய குலத்தவர் 1920-இல் இங்கே மீனாட்சி கல்லூரி வைத்தார். அது 1929-இல் பல்கலைக்கழகமாயிற்று. 1985-இல் அவர் மகன் ராஜா முத்தையாவின் பெயரால் மருத்துவக் கல்லூரியும் அங்கே எழுந்தது. வியாபாரி கை வைத்தியத்தை வளர்க்கலாம் என்றால், வைத்தியம் பழகிய கை வியாபாரத்தை வளர்க்கக்கூடாதா? நான் கேட்கவில்லை. அண்ணா எண்ணிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"பொட்டலம் என்ன விலை வெக்கப் போறே?"

அவள் தயங்கினாள். "அது இன்னும் யோசிக்கலப்பா. கஷ்டப்படறவங்க வாங்கற சாமானாச்சே..."

"அதை முதல்ல யோசி" என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியர். "காகிதமும் பென்சிலும் கொண்டா. கேழ்வரகு கிலோ என்ன விலைன்னு சொல்லு, எழுதுவோம். காகிதத்துலயே கட்ட முடியுமான்னும் பார்."

இருவரும் விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார்கள். நான் திண்ணைக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டேன்.